தோழிக்கு முதற் செய்தி

சங்கச் செய்யுட்களைப் பயிலும் மாணவர் யாவரும் தோழி என்னும் பாத்திரத்தை நன்கு அறிவர். தலைவியின் உள்ளத்தில் நிகழ்வதைத் தாய் அறியுமுன் அறிபவள் அவள். செவிலித்தாயின் மகளே தோழியாவாள் என்பது தொல்காப்பியம் தரும் இலக்கணம். ஒரே மடியில் வளர்ந்து, ஒரே முற்றத்தில் விளையாடியவளிடத்திலேதான் மனம் தடையின்றித் திறக்கும் என்பது அதன் கருத்து. குறுந்தொகையின் 287ஆம் செய்யுளில், நீரைச் சுமந்து தளரும் கார்மேகத்துக்குப் புளியை விரும்பும் நிறைசூல் மகளிரை உவமையாக்குகின்றார் கச்சிப்பேட்டு நன்னாகையார். அவ்வுவமை, தலைவியை நோக்கித் தோழி கூறுவதாகவே அமைந்திருக்கின்றது. பெண்ணொருத்தியின் வயிற்றுச் சுமையைப் பற்றிப் பேசும் உரிமை தோழிக்கு உண்டென்பதைப் பழந்தமிழர் உணர்ந்திருந்தனர் போலும்.

அவ்வுரிமை இன்றும் அற்றுப்போகவில்லை. கருவுற்ற இளம் மனைவி அச்செய்தியைக் கணவனுக்குச் சொல்லுகிறாள், தாய்க்குச் சொல்லுகிறாள். ஆயின், பள்ளியில் ஒரே வாங்கிலிருந்து படித்த தோழிக்குச் சொல்லும்போதே அவளுடைய அச்சமும் ஆசையும் முழுமையாக வெளிப்படுகின்றன. அந்தச் செய்தியை எப்பொழுது சொல்வது, கேட்பவள் அதனை எவ்விதம் ஏற்பது என்பன சிறிய விடயங்கள் அல்ல.

முழுகாமல் இருக்கிறாள்

யாழ்ப்பாணத்தில் ஒரு பெண் கருவுற்றிருப்பதை 'முழுகாமல் இருக்கிறாள்' என்று கூறுவது பழைய வழக்கு. மாத முழுக்குத் தவறிற்று என்பதை இதனினும் நாகரிகமாகச் சொல்லுதல் அரிது. அவ்வழக்கோடு கூடவே இன்னொரு வழக்கும் உண்டு. மூன்று மாதம் கழியும்வரை செய்தியை வெளியே விடக்கூடாது என்று வீட்டு முதியோர் கட்டுப்பாடு செய்வர். நாவூறு பட்டுவிடும் என்பது அவர்கள் கூறும் காரணம்.

அந்தக் கட்டுப்பாட்டின் அடியில் ஓர் அனுபவ உண்மை மறைந்து கிடக்கின்றது. கருவுற்றதை அறிந்த பெண்களுள் நூற்றுக்கு 10 முதல் 15 பேர்வரை கருச்சிதைவுக்கு உள்ளாகின்றனர். அவற்றுட் பெரும்பாலானவை முதல் மூன்று மாதங்களுக்குள்ளேயே நிகழ்கின்றன. தொடக்கத்தில் நிகழும் சிதைவுகளில் ஏறத்தாழப் பாதிக்குக் காரணம், கருவின் நிறமூர்த்தங்களில் இயற்கையாக நேரும் பிழையாகும். தண்ணீர்க் குடம் தூக்கியதனாலோ, படி ஏறியதனாலோ, கடைக்குப் போய் வந்ததனாலோ அது நேர்ந்ததன்று. எனினும் நம் வீடுகளில் முதலில் எழும் கேள்வி, 'என்ன செய்தனீ?' என்பதே.

யாருக்கும் சொல்லாத செய்தி யாருக்கும் தெரியாமலே முடிந்துபோனால், அத்துயரைப் பகிர்ந்துகொள்ளவும் ஒருவர் இல்லை. மகிழ்ச்சியை மறைத்தவள் துக்கத்தையும் மறைக்கவேண்டியவளாகிறாள். மறுநாள் அடுப்படிக்கும் அடுத்த கிழமை தொழிலுக்கும் ஒன்றும் நடவாதவள்போற் போகிறாள்.

ஒரு பாடசாலையில் ஒன்றாகப் படிப்பித்த இரண்டு ஆசிரியைகளை யான் அறிவேன். ஒருநாள் காலை, ஆசிரியர் அறையில் ஒருத்தி கொப்பிக் கட்டின்மேல் தலைசாய்த்து இருந்தாள். மற்றவள் அருகே சென்றாள்.

"என்னடி, காய்ச்சலோ? வெளிறிப்போய் இருக்கிறாய்."

"ஒண்டுமில்லை."

"ஒண்டுமில்லாமலோ கண் கலங்குது?"

சற்று நேரம் மௌனம். பின்னர், "இருந்தது. இப்ப இல்லை" என்றாள்.

கேட்டவள், 'இன்னொன்று பிறக்கும்' என்று ஆறுதல் கூறவில்லை; 'ஏன் முன்னமே சொல்லவில்லை' என்று குறைகூறவுமில்லை. கதிரையை இழுத்துப் போட்டு அருகில் இருந்தாள். மணி அடித்ததும் அவளுடைய வகுப்பையும் தானே எடுத்தாள். மாலையில் போத்தல் நிறைய மல்லிக் கோப்பியோடு அவளது வீட்டுக்குச் சென்றாள். துயருற்றவரே பல ஆண்டுகளின் பின் இதனைச் சொல்லி, "ஆருக்கும் உதவுமெண்டால் பேரில்லாமல் எழுதுங்கோ" என்று இசைவு தந்தார். அவர் இறுதியிற் கூறியது இது: "அண்டைக்கு அவள் கேளாட்டி, அப்பிடி ஒரு பிள்ளை இருந்ததெண்டே ஆருக்கும் தெரியாமல் போயிருக்கும்."

ஆகவே முதியோர் கட்டுப்பாட்டைச் சிறிது திருத்திக்கொள்ளலாம் என்பது எமது கருத்து. ஊருக்குச் சொல்லாவிடினும் ஒருத்திக்குச் சொல்லிவையுங்கள்.

செவிலியும் தோழியும்

தோழிக்கு அடுத்ததாகச் செய்தி சென்றடைய வேண்டிய இடம் ஒன்று உண்டு. அது குடும்பநல உத்தியோகத்தர். நமது பாட்டிமார் அவரை மருத்துவமாது என்றனர். கருவுற்று எட்டு வாரங்களுக்குள் அவரிடம் பதிவுசெய்துகொள்ளுதல் நலம்.

இந்நாட்டில் 1926ஆம் ஆண்டு களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு நிறுவப்பட்டது. அதன்பின், பயிற்சி பெற்ற மாதர் வீடு தேடிச் செல்லும் முறை படிப்படியாக நாடெங்கும் பரவிற்று. 1930களில் ஓர் இலட்சம் பிறப்புகளுக்கு 2000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தனர். 2010க்குப் பின் பெரும்பாலான ஆண்டுகளில் அத்தொகை 40க்குக் கீழே நின்றது. மருத்துவமனைகளும் மருந்துகளும் பெண் கல்வியும் இதற்குத் துணைநின்றன. எனினும், வெயிலில் ஒழுங்கை ஒழுங்கையாகச் சென்ற அந்த மாதரின் பங்கு சிறிதன்று.

நல்ல தோழி, கேட்ட செய்திக்கு மகிழ்ந்தவுடன், "கிளினிக்கிலை பதிஞ்சிட்டியோ?" என்று கேட்பாள். போலிக் அமிலக் குளிகை எடுக்கிறாளா என விசாரிப்பாள். கருவின் மூளையும் முள்ளந்தண்டும் தொடக்க வாரங்களிலேயே உருவாவதால், அக்குளிகை கருவுறுவதற்கு முன்பே தொடங்கப்படவேண்டியது. மசக்கைக்கு எலுமிச்சங்காய் கொண்டுபோய்க் கொடுப்பதும் தோழமைதான். ஆயின் இரத்தப்போக்கு, தாங்கமுடியாத தலையிடி, பார்வை மங்குதல், முகம் வீங்குதல், பிள்ளையின் துடிப்புக் குறைதல் ஆகியவற்றைக் கேட்டால், 'எனக்கும் அப்படித்தான் இருந்தது' என்று தேற்றாமல் உடனே மருத்துவமனைக்கு அனுப்புவதே மேலான தோழமை.

காத்திருக்கும் தோழி

எல்லாத் தோழியர்க்கும் இச்செய்தி ஒரே விதமாக இனிப்பதில்லை. மணமாகிப் பல ஆண்டுகள் பிள்ளைக்காகக் காத்திருப்பவள் ஒருத்தி தோழியருள் இருக்கலாம். பிள்ளைப்பேற்றுத் தடையை வாழ்நாளில் ஆறில் ஒருவர் சந்திக்கின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிவித்தது. அத்தடை ஆணிடத்தும் இருக்கக்கூடும். ஆயினும் கேள்விகள் பெண்ணையே நோக்கி வருகின்றன.

அவளுக்குச் செய்தியை மறைத்தல் தகாது. கலியாண வீட்டுப் பந்தலில் பலர் முன்னிலையில் அவள் அதனை அறிய நேருவது அதனினும் தகாது. ஊருக்குத் தெரியுமுன் தனியே சொல்லவேண்டும். சொன்னபின், அவள் உடனே சிரிக்கவேண்டுமென்று எதிர்பாராதிருத்தல் வேண்டும். ஒரு கிழமை அவள் பேசாதிருப்பின் அதனைப் பொறாமை என்று எண்ணற்க. அது தன் துயரோடு அவள் செய்யும் போராட்டம்.

தொட்டிலுக்கு அப்பால்

பிள்ளை பிறந்ததும் வீடு நிறைந்துவிடும். சரக்குத்தூள் இடிப்பாரும், வேதுக்கு இலை ஒடிப்பாரும், பால் சுறா தேடுவாருமாக அனைவரும் ஓடித்திரிவர். 31ஆம் நாள் துடக்குக் கழிவுவரை தாய்க்கு ஓய்வு கொடுப்பது நம் முன்னோர் செய்த நல்ல ஏற்பாடு. ஆயினும், வருவோர் கண்களெல்லாம் தொட்டிலையே நோக்குகின்றன. தாயின் முகத்தைப் பார்க்க ஒருத்தி வேண்டும். அவளே தோழி.

பிரசவத்தின் பின் சில நாட்களில் காரணமின்றி அழுகை வருவது பெரும்பாலான தாய்மார்க்கு இயல்பு. இரண்டு வாரங்களில் அது தானே நீங்கும். நீங்காது தொடர்ந்து, உறக்கமின்மையும், பிள்ளைமேல் பற்றின்மையும், வாழ்வில் வெறுப்பும் காணப்படின் அது நோய். பிள்ளை பெற்றவர்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 13 பேரை அது பற்றுகின்றது. அது பேய்க் குற்றமுமன்று, தாயின் குணக்கேடுமன்று, மருத்துவத்தால் தீர்வது. 'பிள்ளை சுகமோ?' என்று எல்லாரும் கேட்பர். 'நீ நித்திரை கொள்ளுறியோ?' என்று கேட்பவளிடமே அவ்வுண்மை வெளிவரும்.

கடல்கடந்து வாழ்வோர்க்கு இத்துணை மேலும் அவசியமானது. 1983க்குப் பின் ஒரே வகுப்பிற் படித்தவர்கள் ரொறன்ரோ, இலண்டன், பாரிஸ் எனச் சிதறிப் போயினர். முன்னர் நீல நிற விமானக் கடிதத்தில் வந்த செய்தி இன்று கைத்தொலைபேசியில் வருகின்றது. யாழ்ப்பாணத்தில் காலை ஆறு மணிக்குத் தோழி தேநீர் ஆற்றும் வேளை, ரொறன்ரோவில் முதல் நாளின் இரவு தொடங்கும். தாயும் மாமியும் அருகில்லாத வீட்டில், பனிக்கால இரவொன்றில், அழும் பிள்ளையோடு தனித்திருப்பவளுக்கு அந்தக் குரலே தாய்வீடாகிறது. மிளகும் வேர்க்கொம்பும் எவ்வளவு போடுவது என்று கேட்கத்தான் அவள் அழைத்திருப்பாள். ஆனால் அதற்காக மட்டும் அழைத்திருக்கமாட்டாள்.

பிள்ளைக் கதைகள்

பின்னர் வரும் ஆண்டுகளில் தோழியர் பேச்செல்லாம் பிள்ளைக் கதையே. பல்லுக்கொழுக்கட்டை கொட்டியபோது பிள்ளை புத்தகத்தை எடுத்ததா, காசை எடுத்ததா. சோறு தீத்த நிலவைக் காட்டியது போதாமல் நாயையும் காட்ட நேர்ந்தது. 'அம்மா, நீங்கள் சின்னப் பிள்ளையாய் இருக்கேக்கை நான் எங்கை இருந்தனான்?' என்று கேட்டுத் திகைக்கவைத்தது. இவற்றைச் சொல்லிச் சிரிக்கும் வீட்டில் களைப்பு நில்லாது.

ஆயின் இவ்விடத்தில் ஒரு முள் உண்டு. அது ஒப்பீடு. 'என்ரை பிள்ளை பத்து மாதத்திலை நடந்தவன்' என்ற ஒரு சொல், கேட்பவளின் நித்திரையைக் கெடுக்கப் போதும். நலமுள்ள குழந்தைகள் எட்டு மாதம் முதல் பதினெட்டு மாதம்வரை எப்பொழுதும் நடக்கத் தொடங்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு கண்ட உண்மை. நடையிற் தொடங்கும் இவ்வொப்பீடு ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சைவரை வளர்ந்து, ஈற்றில் இரு தாய்மாரையும் பிரித்துவிடுகின்றது. பெறுபேறு வந்த நாளிலிருந்து பேசாதிருக்கும் நண்பிகளை ஆசிரியராகிய யாம் கண்டிருக்கின்றோம்.

இன்னொன்றும் கூறவேண்டும். தோழியின் காதுக்குச் சொல்வது வேறு. ஊர் பார்க்கப் படத்தோடு வெளியிடுவது வேறு. பிள்ளை படுக்கையை நனைத்ததும், கணக்கில் குறைந்ததும் தோழியிடம் சொல்லத்தக்கவை. உலகுக்கு அறிவிக்கத்தக்கவை அல்ல. அப்பிள்ளைக்கும் நாளை ஒரு மானம் உண்டு.

கணவன்மாரே, மனைவி தோழியோடு நெடுநேரம் பேசுகிறாள் என்று சலித்துக்கொள்ளாதீர். உங்கள் வீட்டின் பாரத்தில் ஒரு பகுதியை இன்னொருத்தி தாங்குகிறாள். மாணவிகளே, இன்று உங்களருகே வாங்கிலிருப்பவளைப் போற்றிக்கொள்ளுங்கள். ஒருநாள், தாய்க்கும் சொல்லத் தயங்கும் செய்தியொன்றை அவளிடம் நீங்கள் சொல்ல நேரிடும். அன்றேல், அவள் உங்களிடம் சொல்ல வருவாள். அப்பொழுது அறிவுரையை அவசரமாக எடுத்து நீட்டாமல், முதலில் கேட்கப் பழகியிருங்கள்.