நெல்லையில் காண்பன, கொள்வன, உண்பன

வெளியூர் நண்பர் ஒருவர் நம் திருநெல்வேலிக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். காலையில் நெல்லையப்பர் கோயில், நண்பகலில் ஓட்டல் சாப்பாடு, மாலையில் அல்வாப் பொட்டலம், இரவில் ரயில். இவ்வளவில் அவருடைய நெல்லைப் பயணம் முடிந்துவிடுகிறது. "ஊரைப் பார்த்தாயிற்று" என்ற மனநிறைவுடன் அவரும் போய்விடுகிறார். "காட்டியாயிற்று" என்ற மனநிறைவுடன் நாமும் இருந்துவிடுகிறோம்.

வரலாற்றுத் துறை மாணவன் என்ற காரணத்தாலோ என்னவோ, நண்பர்களின் உறவினர்க்கும், நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்கு வந்த பிற கல்லூரி மாணவர்க்கும் ஊரைச் சுற்றிக் காட்டும் பொறுப்பு இந்த மூன்றாண்டுகளில் பலமுறை எனக்கு வாய்த்தது. அவர்கள் கேட்ட கேள்விகளுக்கு விடை தேடியபோது ஓர் உண்மை எனக்குப் புலனாயிற்று. நெல்லையின் பெயரைச் சொல்லும் பொருள்கள் பலவற்றில் வெளியூரார் கைவண்ணம் கலந்திருக்கிறது. அவற்றையெல்லாம் நெல்லைக்கே உரியனவாக ஆக்கியது இந்த ஊரும், இதன் நடுவே ஓடும் பொருநையாறுமே. இக்கருத்தை மனத்திற்கொண்டு காண்பன, கொள்வன, உண்பன ஆகிய மூன்றையும் வரிசையாகப் பார்ப்போம்.

ஊரும் ஆறும்

திருநெல்வேலி என்பது உண்மையில் ஓர் ஊரன்று. மேற்கே கோயிலைச் சுற்றிய டவுண், நடுவே ரயில் நிலையத்தைச் சுற்றிய ஜங்ஷன், ஆற்றுக்குக் கிழக்கே பாளையங்கோட்டை என மூன்று ஊர்களின் தொகுப்பு. டவுணுக்கும் ஜங்ஷனுக்கும் இடையே ரயில் பாதையைத் தாண்டிச் செல்வது 1973-இல் திறக்கப்பட்ட திருவள்ளுவர் ஈரடுக்கு மேம்பாலம். ஜங்ஷனையும் பாளையங்கோட்டையையும் ஆற்றுப் பாலம் இணைக்கிறது.

தாமிரபரணி பொதிகை மலையில் பிறந்து, சுமார் 128 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. தமிழ்நாட்டிலேயே பிறந்து தமிழ்நாட்டிலேயே கடல் சேரும் ஆறு இது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் இதற்கு நீர் ஊட்டுவதால் ஏனைய ஆறுகள் மணற்காடாகும் காலத்திலும் இதில் நீர் ஓடுகிறது. கோடைமேலழகியான் முதல் திருவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் இந்நீரைக் கால்வாய்களில் திருப்பி விடுகின்றன. அவற்றுள் ஒன்றின் பெயர் கன்னடியன். கன்னட நாட்டிலிருந்து வந்த ஒருவர் தமக்குக் கிடைத்த பெரும்பொருளைக் கொண்டு அக்கால்வாயை வெட்டுவித்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. நம் வயலுக்கு நீர் கொணர்ந்தவரே வெளியூரார் என்றால் மற்றவற்றைச் சொல்ல வேண்டுமா?

காண்பன

முதலில் காண வேண்டியது நெல்லையப்பர், காந்திமதியம்மன் கோயில். வேதசர்மா என்னும் அடியார் நிவேதனத்துக்குரிய நெல்லை உலரப் போட்டுவிட்டு நீராடச் சென்றார், பெருமழை பெய்தது, பதறி ஓடி வந்து பார்த்தபோது, நெல்லைச் சுற்றி வேலியிட்டதுபோல் மழை விலகி நின்றது. ஊர்ப் பெயருக்குச் சொல்லப்படும் தலபுராணக் காரணம் இது. நெல்விளையும் சீமைக்கு இதைவிடப் பொருத்தமான கதை கிடைக்காது.

சுவாமி கோயிலும் அம்மன் கோயிலும் முதலில் தனித்தனியே இருந்தவை. அவற்றை இணைக்கும் சங்கிலி மண்டபத்தை 1647-இல் கட்டுவித்தவர் வடமலையப்ப பிள்ளையன். கூத்தப்பெருமானின் ஐந்து சபைகளுள் தாமிர சபை இங்கே உள்ளது. அதன் மரவேலைப்பாட்டை நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். மணிமண்டபத்து இசைத்தூண்களைக் காணாமல் வருவோர் இல்லை. ஒரே கல்லில் பெரிய தூணும் அதைச் சூழ்ந்த சிறு தூண்களுமாகச் செதுக்கப்பட்டவை அவை. கல்லின் இறுக்கமும், ஒவ்வொரு சிறு தூணின் பருமனும் நீளமும் சேர்ந்து ஒலியைத் தீர்மானிக்கின்றன. தட்டிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வருவது இயல்பே. ஆனால் வருவோர் எல்லாம் நாணயத்தாலும் சாவியாலும் தட்டினால் கல்லும் எத்தனை நாள் தாங்கும்? நான் அழைத்துச் செல்லும் நண்பர்களிடம், "கண்ணால் கேளுங்கள்" என்று சொல்லிவிடுவது வழக்கம்.

அடுத்து சுலோசன முதலியார் பாலம். அந்நாளில் டவுணிலிருந்து பாளையங்கோட்டைக்குப் போக ஓடத்தை நம்ப வேண்டியிருந்தது. கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தேதாராக இருந்த சுலோசன முதலியார், மக்களிடம் சுங்கம் வாங்கிப் பாலம் கட்டுவதை விரும்பாமல், தம் குடும்பச் செல்வத்தைக் கொடுத்தார் என்பது மரபாக வழங்கும் செய்தி. ஹார்ஸ்லி என்னும் ஆங்கிலப் பொறியாளரின் திட்டப்படி பதினொரு வளைவுகளுடன் எழுந்த பாலம் 1843-இல் திறக்கப்பட்டது. இலண்டன் வாட்டர்லூ பாலத்தின் சாயலில் அமைந்தது என்பர். பிற்காலத்தில் அருகே புதிய பாலம் எழுந்துவிட்டது. எனினும் பழைய வளைவுகளைக் கீழே இறங்கி ஆற்றங்கரையிலிருந்து பார்ப்பதே முறை. மேலே பஸ்ஸில் போகிறவர்க்கு அது வெறும் சாலையாகவே தெரியும்.

பாலத்தைக் கடந்தால் பாளையங்கோட்டை. ஊசிக்கோபுரம் என்று ஊரார் அழைக்கும் தூய திரித்துவப் பேராலயம் 1826-இல் உருவானது. அதற்குக் காரணமான ரேனியஸ் ஐயர் ஜெர்மானியர். தூய யோவான் கல்லூரி 1878-இலும், சாராள் தக்கர் கல்லூரி 1895-இலும், தூய சவேரியார் கல்லூரி 1923-இலும் தோன்றின. கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை சிறைவைக்கப்பட்டு, 1801-இல் தப்பிச் சென்றதும் இவ்வூரில்தான்.

பொழுது இருந்தால் திருச்செந்தூர்ச் சாலையில் உள்ள கிருஷ்ணாபுரம் வேங்கடாசலபதி கோயிலுக்குச் சென்று வரலாம். தெலுங்கு பேசிய நாயக்க மன்னர் காலத்துப் படைப்பு அது. வீரபத்திரர், கர்ணன், அரசகுமாரியைத் தூக்கிச் செல்லும் குறவன் முதலிய சிற்பங்களில் நரம்பும் நகமும் தெரியும்படி உளி ஓடியிருக்கிறது. மாலையில் குறுக்குத்துறை முருகன் கோயில். ஆற்றுக்குள்ளேயே அமைந்த அக்கோயிலை வெள்ளம் வரும்போதெல்லாம் நீர் சூழ்ந்து மூடும். உற்சவரை மேலக்கோயிலுக்கு எழுந்தருளச் செய்துவிட்டு, நீர் வடிந்தபின் மீண்டும் அழைத்து வருவார்கள். ஆற்றோடு சண்டையிடாமல் வாழும் வகையை அக்கோயிலிடமிருந்து கற்கலாம்.

கொள்வன

பொருள் வாங்க டவுண் ரத வீதிகளே சிறந்தவை. ஜவுளிக் கடைகளும் பாத்திரக் கடைகளும் நகைக் கடைகளும் தேரோடும் வீதிகளில் வரிசையாக உள்ளன. நாடறிந்த ஆர்.எம்.கே.வி. ஜவுளி நிறுவனம் 1924-இல் தொடங்கியதும் இவ்வூரில்தான். கருப்பட்டியும் பனங்கற்கண்டும் பார்த்து வாங்கத் தக்கவை.

ஆயினும், நெல்லையின் நினைவாக ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால் பத்தமடைப் பாயை வாங்குங்கள் என்பேன். அதைக் கடையில் வாங்குவதைவிட அம்பாசமுத்திரம் பஸ்ஸில் ஏறிப் பத்தமடைக்கே போய் வாங்குவது நன்று. அங்கே இதை நெய்வோர் பெரும்பாலும் இஸ்லாமியக் குடும்பத்தினர்.

ஆற்றங்கரையிலும் கால்வாய் ஓரங்களிலும் வளரும் கோரையை அறுத்துக் காயவைத்து, ஒவ்வொரு தண்டையும் கையாலேயே மெல்லிய இழைகளாகக் கிழிக்கிறார்கள். அவற்றைக் கட்டாகக் கட்டி ஓடும் நீரில் பல நாள் ஊற வைக்கிறார்கள். தேங்கிய நீர் உதவாது. ஓடும் நீர்தான் வேண்டும். பிறகு மீண்டும் உலர்த்திச் சாயமேற்றி, பருத்தி நூலையோ பட்டு நூலையோ பாவாகக் கொண்டு நெய்கிறார்கள். சாதாரணப் பாய் விரைவில் முடிந்துவிடும். மெல்லிய பட்டுப்பாய்க்கு வாரக்கணக்கில் நேரமாகும். அதைத் துணிபோல் மடிக்கலாம். மணமக்கள் பெயரைப் பாயிலேயே நெய்து தருவதும் உண்டு. 2013-இல் இப்பாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

ஒருமுறை என்னுடன் வந்த நண்பர் ஒருவர் விலையைக் கேட்டுத் திகைத்து, "புல்லுக்கா இத்தனை விலை, ஆச்சி?" என்றார். நெய்துகொண்டிருந்த முதியவர் கோபப்படவில்லை. "கோரைக்கு என்ன பெரிய விலை, தம்பி! கண்ணுக்குத்தான் விலை. மெல்லிசுப் பாய் நெய்ய எனக்கு இப்பம் கண்ணு எட்ட மாட்டேங்கு. எம் மக இதுக்கு வரமாட்டேன்னுட்டா" என்றார். நண்பர் அதற்குமேல் பேரம் பேசவில்லை. பாயை வாங்குகிறோம், அதை நெய்ய அடுத்த தலைமுறை இருக்குமா என்பதைக் கேட்கிறோமா? பொருளாதாரத் துறை மாணவர்கள் ஆய்ந்து எழுதத் தக்க கேள்வி இது.

அதே சாலையில் மேலும் சென்றால் கல்லிடைக்குறிச்சி அப்பளம் கிடைக்கும். காருகுறிச்சி மண்பாண்டத்திற்குப் பெயர் பெற்றது. நாகசுர மேதை காருகுறிச்சி அருணாசலத்தின் ஊரும் அதுவே.

உண்பன

அல்வாவைச் சொல்லாமல் நெல்லை இல்லை. "அல்வா" என்பது இனிப்பு என்று பொருள்படும் அரபுச் சொல். துருக்கி நாட்டு நகரங்களிலும் "ஹெல்வா" என்ற பெயரில் பலவகை இனிப்புகள் விற்கப்படுகின்றன. நெல்லையில் இதற்குப் பெயர் தேடித் தந்தவர்களுள் ராஜபுத்திரக் குடும்பத்தார் முதன்மையானவர். நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே மாலையில் மட்டும் திறக்கும் இருட்டுக்கடை அத்தகையதே. இதில் சேரும் கோதுமையோ நம் வயலில் விளைவதன்று. நாம் விளைவிப்பது நெல்லும் வாழையும். சொல் அரபு நாட்டது, கைப்பக்குவம் வடநாட்டது, தானியம் வெளியிலிருந்து வருவது. ஆயினும் உலகம் இதைத் "திருநெல்வேலி அல்வா" என்றே அழைக்கிறது!

செய்முறை எளிது, உழைப்புத்தான் அரிது. சம்பாக் கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பால் பிழிகிறார்கள். அப்பாலைத் தெளியவிட்டு, மேலே நிற்கும் நீரை இறுத்துவிட்டு, அடியில் தங்கிய கெட்டிப் பாலைச் சர்க்கரைப் பாகில் ஊற்றிக் கிளறுகிறார்கள். நெய்யைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, உண்ட நெய்யை அல்வா மீண்டும் கக்கும் வரை கை ஓயாமல் கிளற வேண்டும். சுவைக்குக் காரணம் கேட்டால் ஊரார் ஒரே குரலில் சொல்வது, "தாமிரபரணித் தண்ணீர்" என்பதே. வாங்கியவுடன் இலையில் வைத்துச் சூடாக உண்பதே சிறப்பு.

ஓட்டலில் எளிதில் கிடைக்காத உணவுகளும் உண்டு. அவற்றுள் தலையாயது சொதி. திருமணத்தின் மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் பெண் வீட்டார் அளிக்கும் விருந்து அது. தேங்காயில் மூன்று முறை பால் எடுத்து, மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும் காய்கறிகளை வேகவைத்து, பாசிப்பருப்புச் சேர்த்து, இறுதியில் முதற்பாலை ஊற்றுவார்கள். முதற்பால் கொதித்தால் திரிந்துவிடும். ஆகவே நுரை கூடும்போதே இறக்கிவிட்டு எலுமிச்சைச் சாறு பிழிவார்கள். துணைக்கு இஞ்சிப் பச்சடி; தேங்காய்ப் பாலின் மந்தத்தை இஞ்சி தீர்க்கும். உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும், அரிசியும் பருப்பும் காய்களும் முருங்கைக் கீரையும் ஒன்றாக வெந்த கூட்டாஞ்சோறும் நம் வீடுகளில் மட்டுமே முழுச் சுவையுடன் கிடைப்பவை. ஆகவே விருந்தினரை ஒரு வேளையாவது வீட்டுக்கு அழையுங்கள். அம்மாவோ ஆச்சியோ பரிமாறும் சொதிச் சாப்பாட்டுக்கு ஈடான காட்சி வேறெந்த வீதியிலும் இல்லை.

நம் கடமை

ஜெர்மானியர் ஆலயம் எழுப்பினார். ஆங்கிலேயர் பாலம் வகுத்தார். நாயக்கர் சிற்பம் சமைத்தனர். வடநாட்டார் அல்வாக் கிண்டினர். வந்தவரையெல்லாம் தன்னவராக்கிக்கொண்ட ஊர் இது. வயலுக்கும் கோரைக்கும் அல்வாவுக்கும் ஆறே நீர் கொடுத்தது. நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களின் தாகத்தைத் தீர்ப்பதும் அதுவே.

அந்த ஆற்றை நாம் எப்படி வைத்திருக்கிறோம்? நகரத்துக் கழிவுநீர் அதில் கலக்கிறது. பாபநாசத்தில் நீராடுவோர் உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுச் செல்கிறார்கள். வழக்குகள் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை சென்று, 2024-இல் நீதிபதிகளே நேரில் வந்து ஆற்றைப் பார்வையிட்டனர். 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் பெய்த பெருமழையில் ஜங்ஷன் பகுதி வெள்ளத்தில் மூழ்கியதை நாம் மறக்கவில்லை. நீர் செல்லும் வழியை அடைத்தால் அது நம் வாசலைத் தேடி வரும் என்பதற்கு அந்நாள்களே சான்று.

ஓடும் நீர் சாக்கடையானால் கோரையை எதில் ஊறவைப்பது? "தாமிரபரணித் தண்ணீர்" என்று பெருமையாகச் சொல்லி அல்வாவை எப்படி நீட்டுவது? ஆகவே நண்பர்களே, அடுத்த முறை விருந்தினர் வரும்போது அவர்களைக் கோயிலுக்கும் கடைக்கும் மட்டுமன்றிப் படித்துறைக்கும் அழைத்துச் செல்லுங்கள். அழைத்துச் செல்லக் கூசாத நிலையில் அப்படித்துறை இருக்க வேண்டுமானால், நம் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஆண்டுக்கு ஒரு நாளன்று, மாதத்துக்கு ஒரு நாளேனும் ஆற்றங்கரையில் நிற்க வேண்டும். பத்தமடைப் பாய்க்கு உரிய விலையைப் பேரமின்றிக் கொடுப்போம். நம் வீட்டுக் குப்பை ஆற்றுக்குப் போகாமல் காப்போம்.

வாழ்க பொருநை! வளர்க நெல்லை!