மதிப்பெண்ணுக்குப் பின்னால் மறையும் செலவுக் கணக்கு

மருத்துவக் கல்லூரித் தரவரிசைப் பட்டியலில் மாணவரின் மதிப்பெண் இருக்கும். அதைப் பெற எத்தனை ஆண்டுகள் ஆயின, குடும்பம் எவ்வளவு செலவிட்டது என்பவை இருப்பதில்லை. இந்த மௌனத்தையே 'தகுதி' என்ற சொல் மூடி மறைக்கிறது. நாமக்கல், சேலம் வட்டாரத்தின் அனுபவம் இதைத் தெளிவாக்குகிறது.

2006இல் இயற்றப்பட்ட மாநிலச் சட்டம் நுழைவுத் தேர்வை நீக்கியது. உயிரியலுக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என 200க்குக் கணக்கிடப்பட்ட பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே அளவுகோலாயிற்று. கிராமப்புற மாணவருக்கு இது வாசலைத் திறந்தது உண்மை. ஆனால், அக்காலத்தில் மாநிலமெங்கும் புகழ்பெற்றவை நாமக்கல்லின் உறைவிடப் பள்ளிகள். பதினோராம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டு, இரண்டாண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே நடத்தும் வழக்கம் தனியார் பள்ளிகளில் பரவியது. 2017-18இல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்ததற்கு அதுவே முக்கியக் காரணம். கட்டணம் செலுத்த வல்லவர்களுக்கு அப்போதும் தனிவழி இருந்தது.

2017இல் நீட் வந்தபின் அவ்வழி அகலமாயிற்று. நீதிபதி ஏ.கே. ராஜன் குழுவின் 2021ஆம் ஆண்டு அறிக்கையின்படி, மருத்துவ இடம் பெற்றோரில் மறுமுறை முயன்றவர்களின் பங்கு 2016-17இல் 12.47 விழுக்காடு, 2020-21இல் 71.42 விழுக்காடு. ஓராண்டு வருவாயின்றிப் பயிற்சி மையத்தில் அமர விசைத்தறிக் கூலியின் மகளால் இயலுமா? கோழிப்பண்ணைத் தொழிலாளியின் மகனால் இயலுமா?

அரசுப் பள்ளி மாணவருக்கு 2020இல் வழங்கப்பட்ட 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு, மாணவரின் சூழலையும் கணக்கில் கொள்ளும் முறை. நீதிபதி கலையரசன் குழு பரிந்துரைத்ததோ 10 விழுக்காடு. இதனுள்ளும் சமூக இட ஒதுக்கீடு பொருந்தும்.

இப்போது எண்களைப் பார்ப்போம். 100 இடங்கள் கொண்ட ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு 15 போக, மீதி 85. பட்டியல் சாதியினரின் 18 விழுக்காட்டுக்குள் அருந்ததியருக்கு 2009இல் அளிக்கப்பட்ட 3 விழுக்காடு இதில் 2.55 இடம். அரசுப் பள்ளி ஒதுக்கீடு 6.375 இடம், அதற்குள் அருந்ததியர் பங்கு கால் இடம்கூட இல்லை. மாநில அளவில் கூட்டினால்தான் அது முழு இடங்களாகிறது. எனவே ஓரிடம் தவறினாலும் இழப்பு பெரிது.

உள் ஒதுக்கீடு செல்லும் என உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு 2024 ஆகஸ்ட் 1 அன்று தீர்ப்பளித்துவிட்டது. இனி நடைமுறையைக் கண்காணிப்பதே நம் பணி. பொதுப்போட்டிக்குரிய மதிப்பெண் பெற்ற தலித் மாணவர், பொதுப்போட்டி இடத்திலேயே கணக்கிடப்படுகிறாரா? அருந்ததியர் இடங்கள் எத்தனை நிரம்பின? இடம் பெற்றோரில் முதன்முறை எழுதியோர், தமிழ்வழியில் பயின்றோர் எத்தனைபேர்? இவ்விவரங்களைச் சாதிவாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என நாம் கோருகிறோம். மாணவர் அமைப்புகள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் இக்கேள்விகளை எழுப்பலாம். கணக்கு வெளிப்படும்போதுதான் 'தகுதி' யாருடைய செலவில் உருவானது என்பதும் வெளிப்படும்.