இறுவட்டில் உறங்கும் குரல்கள்

மட்டக்களப்பு வாவிக்கரை வீடுகள் பலவற்றின் அலுமாரிகளில் பழைய இறுவட்டுகள் கிடக்கின்றன. ஒன்றில் மகளின் திருமணம். இன்னொன்றில் காலஞ்சென்ற அண்ணாவியாரின் வடமோடிக் கூத்து. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை, வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட கல்லடி, நாவலடிப் பகுதிகளிற் புகுந்து மக்களையும் மனைகளையும் வாரிச் சென்றது. மனைகளோடு நினைவுப் பதிவுகளும் மறைந்தன. எஞ்சியவற்றையேனும் காத்தல் நம் கடன் அன்றோ?

சீடி எனப்படும் இறுவட்டின் தடிப்பு 1.2 மில்லிமீற்றர். பதிவு இருப்பதோ பெயரெழுதும் மேற்பக்கத்தை ஒட்டியே. மெல்லிய உலோகப் பூச்சும் அரக்குப் பூச்சுமே அதற்குக் காவல். ஆதலால் அடிப்பக்கக் கீறலினும் மேற்பக்கக் கீறலே கொடியது. அடிப்பக்கத்துச் சிறு கீறலால் விடுபடுவனவற்றை, உடன் பதிந்துள்ள உபரிக் குறியீடுகளைக் கொண்டு கருவியே கணித்து நிரப்பிவிடும். 1960இல் ரீட், சொலமன் என்னும் அறிஞர் இருவர் வகுத்த கணிதமே இதற்கு அடிப்படை.

எனவே, படிக்க மறுக்கும் வட்டை எறிந்துவிட வேண்டா. தூய நீரிற் கழுவி, மென்துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைத்தல் வேண்டும். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல், பதிவின் பாதை வழியே ஓடித் தொடர்ச்சியாகக் கெடுக்கும். ஒரு கணினி கைவிட்டதை மற்றொன்று படித்தல் கூடும். நல்ல பகுதிகளை முதலிற் பிரதி செய்து, பழுதானவற்றைப் பின்னர் மெதுவாக முயல்க. உலோகப் பூச்சு உரிந்த இடம் மட்டும் மீளாது.

விடுமுறைக்கு வரும் மாணவர்கள் ஒரு மாலையை இப்பணிக்கு ஒதுக்குவார்களாக. ஒரு பிரதி வீட்டிலும், மற்றொன்று தொலைவிலுள்ள உறவினரிடமும் இருக்கட்டும். இரண்டையும் ஒரே அலை கொண்டுபோகாது.