பெலெலியு: கைவிடப்படாத திட்டம்

மேற்குப் பசிபிக்கின் பலாவுத் தீவுக்கூட்டத்தில் உள்ளது பெலெலியு. பரப்பு ஏறத்தாழ 13 சதுர கிலோமீட்டர். பிலிப்பைன்ஸை மீட்க முன்னேறும் அமெரிக்கப் படைக்கு இங்கிருந்த ஜப்பானிய விமானத்தளம் இடையூறாகும் எனக் கருதப்பட்டது. தரையிறங்கச் சில நாட்களே இருந்தபோது, இத்திட்டத்தைக் கைவிடலாம் என அட்மிரல் ஹால்சி பரிந்துரைத்தார். மேலதிகாரி நிமிட்ஸ் இசையவில்லை. 1944 செப்டம்பர் 15இல் தாக்குதல் தொடங்கியது. சில நாட்களில் முடிந்துவிடும் என்பது படைத்தலைவரின் கணிப்பு. ஜப்பானியத் தளபதி நாககாவாவோ சுண்ணாம்புக்கல் குன்றுகளின் குகைகளை அரண்களாக்கிக் காத்திருந்தார். போர் நவம்பர் 27 வரை நீடித்தது. ஜப்பானியத் தரப்பில் 10,000 பேருக்கு மேலும், அமெரிக்கத் தரப்பில் 1,500 பேருக்கு மேலும் மாண்டனர். இதற்கிடையே, அக்டோபர் 20இலேயே அமெரிக்கர் பிலிப்பைன்ஸின் லெய்ட்டே தீவில் இறங்கிவிட்டனர். எந்தப் படையெடுப்பைக் காக்கவென்று பெலெலியு தாக்கப்பட்டதோ, அது இத்தீவு முழுதும் வீழுமுன்னரே நடந்தேறிற்று. வகுத்த திட்டத்தை மீண்டும் எண்ணிப்பார்க்கத் தயங்கியோர் ஒருபுறம். அதற்கு உயிர் கொடுத்தோர் மறுபுறம்.