உருளும் கல்லும் ஒரு சிரிப்பும்

இம்மாத உரைக்கு எடுத்துக்கொண்ட கேள்வி சற்றுக் கனமானது. செய்வதெல்லாம் வீண் என்று தோன்றும் வாழ்க்கையில் மகிழ்ச்சிக்கு இடமுண்டா?

இக்கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. ஊரில் கணக்காளராக இருந்த நான், ஆக்லாந்து வந்த முதல் ஆண்டு, ஒரு சூப்பர் மார்க்கெட்டில் இரவு வேலை பார்த்தேன். விடிவதற்குள் அலமாரிகளை நிரப்ப வேண்டும். மறுநாள் இரவு போனால் பாதி காலியாக இருக்கும். வீடு திரும்பினால் மகளிடம்கூடப் பேசாமல் படுத்துவிடுவேன்.

உடன் வேலை செய்த மலையாள நண்பர் ஒருவர்தான் நாராணத்துப் பிராந்தன் கதையைச் சொன்னார். பிராந்தன் என்றால் பைத்தியக்காரன். பாலக்காடு மாவட்டத்து ராயிரநெல்லூர் குன்றின் உச்சிக்குப் பெருங்கல் ஒன்றை அவர் பாடுபட்டு உருட்டிச் செல்வாராம். அங்கிருந்து தள்ளிவிட்டு, அது உருண்டோடுவதைப் பார்த்துக் கைகொட்டிச் சிரிப்பாராம். இன்றும் ஐப்பசி முதல் நாளில் மக்கள் அக்குன்றில் ஏறுகிறார்கள்.

கிரேக்கக் கதையில் வரும் சிசிஃபஸும் கல் உருட்டியவன்தான். ஆனால் அது தேவர்கள் தந்த தண்டனை. பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யு 1942இல் அவனை வைத்து ஒரு நூல் எழுதினார். மனிதன் 'ஏன்?' என்று கேட்கிறான். உலகம் பதில் சொல்வதில்லை. இதைத்தான் அவர் அபத்தம் என்றார். அதற்காக உயிரை விடவும் வேண்டாம், பொய்யான ஆறுதலும் வேண்டாம். நிலைமையை அறிந்தே கல்லைத் தள்ளுகிறவன் மகிழ்ச்சியாக இருக்க முடியும் என்பது அவர் முடிவு.

பிராந்தன் இன்னும் ஒரு படி மேலே போகிறார். கல் உச்சியில் நிற்க வேண்டும் என்று அவர் எதிர்பார்க்கவே இல்லை. ஆகவே அது விழுந்ததில் அவருக்குத் தோல்வியும் இல்லை.

'கிடைத்ததைச் சகித்துக்கொள்' என்ற உபதேசமல்ல இது. காம்யுவே நாஜிகளை எதிர்த்து 'கொம்பா' என்ற தலைமறைவுப் பத்திரிகையில் பணியாற்றியவர். நானும் வேறு வேலைக்கு விண்ணப்பிப்பதை நிறுத்தவில்லை. 'நல்ல வேலை கிடைத்தபின் சிரிக்கலாம்' என்று தள்ளிப்போடுவதைத்தான் நிறுத்தினேன்.

காலையில் மகளோடு உட்கார்ந்து கோப்பைகளைக் கோபுரமாக அடுக்கினேன். அவள் ஒரே தட்டில் சரித்துவிட்டுச் சிரித்தாள். மறுபடி அடுக்கச் சொன்னாள். பிராந்தனின் பாடம் குழந்தைகளுக்கு முன்பே தெரியும் போலும்!

நம் ஆக்லாந்திலும் குன்றுகளுக்குக் குறைவில்லை. 196 மீட்டர் உயரமுள்ள மவுண்ட் ஈடனில் ஏறினால் இறங்கத்தான் வேண்டும். அதற்காக யாரும் ஏறாமல் இருப்பதில்லை. இந்த வாரம் ஏறிப் பாருங்கள். கல்லை மட்டும் உருட்டிவிடாதீர்கள். மாவோரி மக்களுக்கு அது முன்னோர் மலை.