பழைய டிராக்டர் வாங்குவோர் கவனத்திற்கு
பதிவேட்டை எவ்வளவு தூரம் நம்பலாம்?

புது வண்டி வாங்க வசதியில்லாத சிறு விவசாயிகள் பழைய வண்டியை நாடுகிறார்கள். வேடசந்தூர், வடமதுரை பகுதிகளில் உழவுக்கு டிராக்டர் தேடுவோர் உண்டு. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்ற லோடு வண்டி தேடுவோரும் உண்டு. பெரும்பாலும் நகையை அடகு வைத்துப் புரட்டும் பணம் இது. “நம்பரைத் தட்டிப் பாருங்கள், எல்லாம் சுத்தமாக இருக்கிறது” என்று தரகர் சொன்னதும் முன்பணம் கொடுத்துவிடக் கூடாது. பதிவேடு சொல்வது வண்டியின் காகிதங்களைப் பற்றித்தான். வண்டியின் உடம்பைப் பற்றி அல்ல.

பதிவில் தெரிபவை

மத்திய அரசின் ‘பரிவாகன்’ இணையதளத்திலும் ‘எம்-பரிவாகன்’ செயலியிலும் வண்டி எண்ணைக் கொடுத்தால் பதிவான தேதி, வண்டி வகை, இன்சூரன்ஸ் முடியும் நாள், கடன் இருந்தால் அந்த விவரம் ஆகியவை தெரியும். உரிமையாளர் பெயரில் சில எழுத்துகளே தெரியும். அவற்றை ஆர்.சி. புத்தகத்துடன் ஒப்பிட வேண்டும். டிரெய்லருக்குத் தனிப் பதிவு உண்டு. அதையும் தனியே பார்க்க வேண்டும்.

கடன் குறிப்பு இருந்தால், பாங்கு தரும் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் இல்லாமல் பணம் கொடுக்கலாகாது. கடன் அடைந்த பிறகும் குறிப்பு நீக்கப்படாமல் கிடப்பதுண்டு. அதை விற்பவரே ரத்து செய்து தரட்டும்.

பதிவில் தெரியாதவை

தெரிவிக்கப்பட்டது மட்டுமே பதிவில் ஏறும். அமெரிக்காவில் பழைய கார்களின் சரித்திரத்தை அறிக்கையாக விற்கும் கார்ஃபாக்ஸ் நிறுவனம் 1984-இல் தொடங்கியது. அங்கும், யாருக்கும் தெரிவிக்காமல் பட்டறையில் தட்டிச் சரிசெய்த விபத்து அறிக்கையில் வராது. நம் ஊரில் பொதுமக்கள் பார்க்கும் பதிவில் விபத்து விவரமே கிடையாது. இஞ்சின் இறக்கிய செய்தியும் இராது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னை வெள்ளத்தில் ஏராளமான வண்டிகள் மூழ்கின. ஒரு வண்டி நீரில் நின்றதா என்பதைப் பதிவு சொல்லாது.

தனியாரிடம் ஆர்.சி. புத்தகத்தை ஈடாக வைத்து வாங்கிய கைமாற்றும் பதிவில் இராது. “புத்தகம் பிறகு தருகிறேன்” என்றால் விலகிக்கொள்வதே நலம்.

மணி மீட்டரையும் அப்படியே நம்ப வேண்டாம். கேபிள் அறுந்தால் அது நின்றுவிடும். மீட்டரையே மாற்றியும் விடலாம். வாடகை உழவுக்கு ஆண்டில் 100 நாள், நாளுக்கு 5 மணி ஓடிய வண்டி 8 ஆண்டில் 4,000 மணி ஓடியிருக்கும். மீட்டர் 1,500 காட்டினால் காரணம் கேளுங்கள். கிளட்ச், பிரேக் மிதிகளின் தேய்மானமும் ஸ்டியரிங் ஆட்டமும் உண்மையைச் சொல்லும்.

நேரில் பார்க்க வேண்டியவை

மாடு வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம். வண்டிக்கும் அதே கவனம் தேவை.

1. சேசிஸ், இஞ்சின் எண்களைப் புத்தகத்துடன் ஒப்பிடுக. அந்த இடத்தில் அரம் போட்ட தடமோ புதுப் பெயிண்டோ இருந்தால் வேண்டாம்.

2. காலையில் இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். ஓடும் இஞ்சினில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென வந்தால் ரிங் தேய்ந்திருக்கும். ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது.

3. கலப்பையை ஹைட்ராலிக்கில் தூக்கி இஞ்சினை நிறுத்துங்கள். கலப்பை உடனே இறங்கினால் ஹைட்ராலிக்கில் செலவு காத்திருக்கிறது.

4. லோடு வண்டியானால் பழைய முழு இன்சூரன்ஸ் தாள்களைக் கேளுங்கள். ‘நோ கிளெய்ம்’ சலுகை திடீரென நின்றிருந்தால், முந்தைய ஆண்டில் இழப்பீடு வாங்கினாரா என்று விசாரிக்க வேண்டும்.

விற்பவருக்கும் ஒரு சொல்

விற்றதோடு பொறுப்பு தீராது. மோட்டார் வாகனச் சட்டப்படி விற்பவர் 14 நாளில் படிவம் 29 மூலமும், வாங்குபவர் 30 நாளில் படிவம் 30 மூலமும் தெரிவிக்க வேண்டும். பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால், பதிவில் பெயருள்ளவரே நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பு என்று சுப்ரீம் கோர்ட் 2018-இல் தீர்ப்பளித்துள்ளது. வண்டியை விற்றவர், அதற்காகத் தம் நிலத்தையும் விற்கும்படி ஆகலாம்.

ஆகவே முதலில் பதிவைப் பாருங்கள். காகிதத்தில் கோளாறு இருந்தால் அத்தோடு விட்டுவிடலாம். காகிதம் சரியென்றால், நம்பிக்கையான மெக்கானிக்கை அழைத்துச் சென்று அரை நாள் வயலில் ஓட்டிப் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.