முன்பல் உடைந்ததா? பிடுங்கிவிட வேண்டாம்!

பாடாலூர்—

திருச்சி-சென்னை ரோட்டில் பாடாலூர் பக்கம் பஸ் "சடன் பிரேக்" போட்டால், முன் சீட் கம்பியில் போய் இடிப்பது வாய்தான். முன்பல் பாதி போச்சு! "பிடுங்கிப் போட்டுடுங்க டாக்டர்" என்று அவசரப்படுகிறவர்கள் உண்டு. வேர் உறுதியாக இருந்தால் பிடுங்கவே வேண்டாம்.

முதலில் எக்ஸ்ரே. நரம்பு கெட்டிருந்தால் வேர் சிகிச்சை. பிறகு மிச்சப் பல்லைச் சுற்றிலும் இழைத்து, அளவெடுத்து, மேலே "கேப்" ஒட்டுவார்கள். உடைந்த துண்டு கிடைத்தால் பாலில் போட்டு எடுத்துப் போங்கள். சில சமயம் அதையே ஒட்டிவிடலாம், கேப் செலவு மிச்சம்.

நிறத்தில்தான் சூட்சுமம். முன்பல் ஒரே வெள்ளை அல்ல. ஈறுப் பக்கம் லேசான மஞ்சள், நுனியில் கண்ணாடி மாதிரி. பல் காய்ந்தால் வெளுத்துக் காட்டும். அதனால் இழைப்பதற்கு முன்பே, பகல் வெளிச்சத்தில், பக்கத்துப் பல்லோடு ஒப்பிட்டு நிறம் பார்க்க வேண்டும். உள்ளே உலோகம் வைத்த பீங்கான் கேப் விலை குறைவு. ஆனால் நாளடைவில் ஈறு ஓரம் கருப்புக் கோடு தெரியலாம். சிர்கோனியாவில் அந்தத் தொல்லை இல்லை. பணம்தான் கூட!

புதுக்கோட்டையில் 2023-ல் அரசு பல் மருத்துவக் கல்லூரி திறந்தாயிற்று. பாடாலூர்க்காரர்கள் திருச்சியில் பஸ் மாறினால் போதும்.

கேப் போட்ட பல்லால் கரும்பு கடிப்பது, சோடா மூடி திறப்பது கூடவே கூடாது.